மார்புவரை ரப்பர்

வற்றம் காலை ஆறே காலுக்கு.
அதற்குள் மூன்று தடவை போய்விட்டு வந்தேன்,
காப்பியைத் தொடவில்லை.
கம்பாதோஸ் கழிமுகத்தில் முப்பது பெண்கள்
மட்டி வார இறங்குகிறோம்
மார்புவரை ரப்பர் உடையில்.

கடல்நீரை ஒரு சொட்டும் உள்ளே விடாத உடை.
உள்ளே கசிந்ததை
ஒரு சொட்டும் வெளியே விடாது.
இதை யோசித்தவன் ஆணாகத்தான் இருக்கவேண்டும்.

பிப்ரவரியில் போன்தெவேத்ராவில்
கர்ப்பப்பையை எடுத்தார்கள்.
கட்டி போனது, உதிரம் நின்றது.
"இனி நிம்மதி, தோரிந்தா" என்றார் மருத்துவர்.
இருமினால் என்ன ஆகும் என்று
அவர் சொல்லவில்லை,
எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பயிற்சி சொல்லித்தரும் பெண்ணுக்கு இருபத்தாறு வயது.
லிஃப்ட் மேலே போவதாய் நினையுங்கள் என்கிறாள்.
என் வீட்டில் ஏது லிஃப்ட்?
மட்டி வாய் மூடுவதாய் நினைத்துக்கொள்கிறேன்.
மூடு, பத்து எண்ணு, விடு.
பாதி நாள் நான்கிலேயே திறந்துகொள்கிறது.

இன்று எருந்தினா குனிந்து
பெரிய மட்டி ஒன்றை எடுத்தாள்.
அது அவள் முகத்திலேயே பீய்ச்சி அடித்தது.
"பாவம்" என்றாள் துடைத்தபடி,
"இதற்கும் எடுத்துவிட்டார்கள் போல."

நான் யாரிடமும் சொன்னதில்லை.
வாருகோலை ஊன்றிக்கொண்டு சிரித்தேன்,
தொடை சூடாகும்வரை சிரித்தேன்.
அவளும் சிரித்தாள்,
சிரிப்பின் நடுவே சட்டென்று
கால்களைச் சேர்த்து நின்றாள்.

எத்தனை வருஷமாக?
பதினொன்று.

நீர் இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.
இன்னும் இரண்டு கிலோ பாக்கி.