பிற

வாரத்தில் ஆறு நாள் திருப்பூரில்
பனியனில் பிழை பார்க்கிறவள் நான்.
விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை,
ஒரு கை மற்றதைவிட அரை விரல் நீளம்.
மணிக்கு நூற்றியெண்பது உருப்படி.
ஏழாம் நாளும் உற்றுப் பார்க்கத்தான் போகிறாயா
என்று கேட்க வாய் திறந்த வீட்டுக்காரர்
தோளில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து
மூடிக்கொண்டார்.

ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி.
முப்பத்தி மூன்றில் பல்மருத்துவர் தமயந்தி
வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார்.
மறுநாள் இருட்டோடு அக்காமலை.
தேயிலை முடிந்த இடத்தில் புல் தொடங்கியது
கத்தரித்து ஒட்டவைத்ததுபோல.

படிவத்தில் நாற்பத்தொரு பெயர்.
முதல் பெயர் நெட்டைக்காலி.
இந்த உயரத்துப் புல்லை விட்டு
அது கீழே இறங்குவதில்லையாம்.
பழுப்பு, அதன்மேல் கோடு,
புல்லின் நூலிலேயே நெய்த துணி.
"உங்க கண்ணுக்குத் தப்பாது" என்றார் தமயந்தி.

மூடுபனி.
பைனாகுலரில் வெள்ளை, இறக்கினாலும் வெள்ளை.
காலுறையில் தூவிய புகையிலைத் தூளையும் மீறி
அட்டை ஒன்று என் ரத்தத்தைச் சரிபார்த்தது.
பனி கிழிந்தபோது மூன்று வரையாடுகள்
எங்களைக் கணக்கெடுத்துவிட்டுப் போயின.
சோலை விளிம்பில்
கறுப்பும் ஆரஞ்சுமாய் ஓர் ஈப்பிடிப்பான்
தீக்குச்சி உரசியதுபோல் தெரிந்து அணைந்தது.
அதற்கு ஒரு கோடு.
காட்டுப்புறா, குரல் மட்டும், ஒரு கோடு.
நெட்டைக்காலியின் கட்டம்
ஒன்பது மணிக்கும் காலி.

அப்போதுதான் கேட்டேன்.
சரிவுக்குப் பின்னால், கீழே,
எண்ணெய் காணாத இரும்புக் கேட்டை
யாரோ இழுத்துத் திறப்பதுபோல.
பல்லடத்துப் பக்கம் எங்கள் காட்டில்
நாய்க்கு முன்னால் எழுந்து கத்துகிற அதே குரல்,
போன ஆடியில் அரை ஏக்கர் கடலைக்காயைக்
கிளறித் தின்றுவிட்டு
வரப்பில் நின்று தோகை விரித்த அதே திமிர்.

மயில்.

"இங்கயா? இத்தனை உயரத்துலயா?"
தமயந்தி சிரித்தார்.
அது வேலாமரத்துப் பறவை, காய்ந்த மண்ணில் நடப்பது,
எஸ்டேட் லாரியின் ஆரனாக இருக்கும் என்றார்.
சூப்பர்வைசர் சொன்னால் ஆடுகிற என் தலை
ஆடத் தொடங்கியிருந்தது.

வேட்டைத் தடுப்புக் காவலர் வெள்ளிங்கிரி
அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே சொன்னார்:
"ரெண்டு வருசமாக் கேக்குதுங்."
"அப்புறம் ஏன் சொல்லல?"
"யாரும் கேக்குலீங்."

படிவத்தின் அடியில் 'பிற' என்று ஒரு வரி,
பனியனில் அளவுச்சீட்டு தைக்கும் அகலம்.
அதற்குள் இடித்துப் பிடித்து எழுதினேன்:
மயில், ஒன்று, குரல்.
முதல் வரிக்குப் போய்
பூஜ்ஜியம் போட்டேன்,
முனைகள் சேர்ந்தனவா என்று
ஒருமுறைக்கு இருமுறை பார்த்து.
தமயந்தி நெடுநேரம் பேனாவை மூடவில்லை.
பிறகு கையெழுத்திட்டார்.

இறங்கும்போது வளைவுக்கு வளைவு
காது அடைத்துத் திறந்தது.
பதினொன்றில் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.
ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது ஒன்று,
தோகையைத் தரையில் இழுத்துக்கொண்டு
அவசரமே இல்லாமல்,

மலை ஏறும் பக்கமாய்.