கண்ணைத் தேடும் கட்டம்

திருப்பூர், பி.என். ரோட்டுக் கம்பெனி, இரண்டாம் மாடி.
தலையில்லாப் பொம்மைக்கு
நேவி ப்ளூ டீ-ஷர்ட்.
"கறுப்பா விழுந்தா பையர் ஒத்துக்கமாட்டானுங்க"
என்கிறார் மெர்ச்சண்டைசர்.

மிரர்லெஸ். செகண்ட்ஸ். இன்னும் ஏழு தவணை.
பாடியிலேயே காசு கரைந்ததால்
லென்ஸ் மட்டும் வாடகை,
ஐம்பது எம்.எம்.,
ஆறு மணிக்குள் திருப்பணும்.

கண்ணைத் தேடும் ஃபோகஸை
அணைக்க மறந்திருந்தேன்.
கழுத்து வரை ஏறிப் பார்த்து
கட்டம் தவித்தது.

பின்னால்
பீஸ் கட்டோடு போனாள்
செக்கிங் துளசிமணி.
பச்சைக் கட்டம் ஒரே பாய்ச்சலில்
அவள் இடது கண்ணில் உட்கார்ந்தது.

சத்தமில்லாத ஷட்டர்.
அவள் திரும்பவில்லை.

டீ-ஷர்ட் வெறும் புகை.
ஆனால் நேவி ப்ளூ;
அன்றைக்கு அதில்தான் நிறம் சரியாக வந்தது.

"இதை அழிச்சிருங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
இமைமுடியில் ஒரு பஞ்சிழை.

"கார்டுல இடமிருக்குதுங்க" என்றேன்.