பதினொரு விழுக்காடு

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
நரான்தூல் சந்தையில் ஒட்டக மயிர்க் காலுறை விற்கிறேன்.
விட்ட மூச்சு முகத்திலேயே உறைகிறது.
கைப்பேசி வாக்குத் தவறுகிறது:
நாற்பது விழுக்காடு என்கிறது,
நான் மிச்சம் எடுத்துக் கொடுப்பதற்குள் பதினொன்று என்கிறது,
அப்புறம் கறுத்துப்போகிறது.

போன மாதம் கடைப் பையன்
புதுச் சிம்மைச் செருகிக்கொண்டே சொன்னான்:
"அக்கா, இது ஐந்து ஜி. மின்னல்."
மின்னலுக்கு மாதம் ஐம்பத்தெட்டாயிரம் துக்ரிக்.
பழையதற்கு இருபத்தெட்டு.
நடுவில் இருக்கிற முப்பதாயிரம்
இரண்டு ஜோடி காலுறைக்குக் கொஞ்சம் குறைவு,
அடுப்புக்கு நாலைந்து மூட்டைக் கரிக்கட்டி.
கணக்குத் தெரியாதவள் இல்லை நான்.
கணக்குப் போட்டுவிட்டுத்தான் தலையாட்டினேன்.

தவாசம்பூவுக்காக.
ஆன்சானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான்.
நாலு வருடமாக அவன் எனக்குக்
கட்டம் கட்டமான ஆள்.
சிரிப்புச் சத்தம் முதலில் வரும்,
உதடு பின்னால் வந்து சேரும்.
நலமா என்று கேட்டால்
நலம் என்று வர அரை நிமிடம் ஆகும்.
அந்த அரை நிமிடத்தை
நெட்வொர்க்கின் தலையில் போட்டுவிட்டுத் தூங்குவேன்.

புதுச் சிம்மின் முதல் இரவு.
அவன் மீசையில் இரண்டு நரை.
பின்னால் கொடியில் தொங்கிய துண்டில்
ஒரு நூல் பிரிந்திருந்தது, அதுகூடத் தெரிந்தது.
"இப்போ எப்படித் தெரியறேன்?" என்று
தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டினான்.
கோப்பையை நான்கு விரல்கள் பிடித்திருந்தன.
எண்ணினேன்.
மறுபடியும் எண்ணினேன்,
சரக்கு எண்ணுகிற பழக்கம்.

"எப்போ?"
"வெயில் காலத்தில். பிரஸ் மெஷின்.
சுண்டு விரல்தானே."

ஐந்து மாதம்.
அத்தனை இரவும் அந்தக் கையைத்
திரைக்கு வெளியே வைத்திருந்தாயா என்றேன்.
இல்லையாம். உள்ளேதான் இருந்ததாம்.
பயந்துகொண்டே இருந்தானாம், நான் கேட்பேன் என்று.
கேட்கவில்லை என்றதும்
தெரிந்தும் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டானாம்.

மறுநாள் சந்தையில் ஒருத்தி
ஆறு ஜோடி எடுத்தாள். ஸ்கேன் செய்தாள்.
பணம் போய்விட்டது என்று தன் திரையைக் காட்டுகிறாள்.
வந்ததா என்று பார்க்க எனக்குத் திரை இல்லை.
கருந்திரையில் என் மூக்கு மட்டும் தெரிகிறது.
நாலு அடுக்குச் சட்டைக்குள் கையை விட்டு
கைப்பேசியை அக்குளில் இடுக்கி நின்றேன்,
அடைகாக்கும் கோழி மாதிரி.
அவளும் காலை மாற்றி மாற்றி நின்றாள், பாவம்.

பக்கத்துக் கடை செந்த்சூரென்
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு வந்தாள்.
"யானையைக் கட்டி வைத்திருக்கிறாய்.
அது தின்னத்தானே செய்யும்?
செட்டிங்ஸில் போய் நாலு ஜி மட்டும் என்று மாற்று.
பதினெட்டாயிரம் வந்தது என்று சொல்ல
மின்னல் எதற்குடி?"

மாற்றினேன்.
அன்று மாலை ஐந்து மணிக்கு
முப்பத்தேழு விழுக்காடு மிச்சம்.
சந்தைக்கு வந்த மூன்று வருடத்தில்
இப்படி ஒரு மாலையைக் கண்டதில்லை.

கூடாரத்தில் அடுப்பு பிடித்ததும்
விரல் அந்தப் பொத்தானுக்கே போகிறது.
மாற்றாமல் கூப்பிட்டால்
கட்டங்கள் வந்து அவனை மூடும்,
பத்து விரலும் இருக்கிறவனாக
அவனை வைத்துக்கொள்ளலாம்.
காசும் மிச்சம்.
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
கரிக்கட்டி ஒன்று வெடித்தது.
மாற்றினேன்.

உடனே வந்தான், முழுசாக, நரையோடு.
இப்போது கையை ஒளிக்கவில்லை,
அதனாலேயே அடிக்கடி தலையைச் சொறிகிறான்.
"பழைய பிளானுக்கே போயிடேன்," என்றான்.
"வீண் செலவு. பாட்டரியும் நிற்கலை என்கிறாய்.
முன்னாடியும் பேசிட்டுத்தானே இருந்தோம்?"

ஐந்து ஜியில் தாமதமே கிடையாது
என்று சொல்லித்தான் அந்தப் பையன் விற்றான்.
உண்மைதான், படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.
நான் வாய் திறக்க அரை நிமிடம் ஆனது.
அதை அவன் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரு," என்றேன்.
"சார்ஜரைச் செருகிவிட்டு வருகிறேன்."