மட்டம்

கட்டபெட்டு ஃபேக்டரிக்கு மெஷின் வந்த பெட்டி
மழையில் பிரிந்து கிடந்தது.
ஆணி பிடுங்கவே ஒரு ஞாயிறு போயிற்று.
ஒரு பலகையில் "தலைகீழாக வை" வரை எழுத்து.
மிச்சம் இருந்த "க்காதே" அடுப்புக்குப் போனது.

இலைக் கொட்டகைத் தரை
பள்ளத்தைப் பார்த்துச் சாயும்.
அங்கேயே உட்கார்ந்து அறுத்தேன்,
கீழ்ப்பக்கக் கால்கள் இரண்டும் ஒரு விரல் நீளம்.
தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து
குமிழி நடுவில் நிற்கும்வரை தேய்த்தேன்.
வீட்டில் வைத்தால் நொண்டும் ஸ்டூல்.

மாசிக்கு முட்டி வலி.
வரிசையில் அவள் உட்காரத்தான் செய்தது.

சுசீந்திரன் முந்திக்கொண்டான்.
ஈரத்திலிருந்து தராசைத் தூக்கி
அதன்மேல் வைத்து, "அளவெடுத்த மாதிரி இருக்கே" என்றான்.

மாசியின் மூட்டை இருபத்தெட்டு காட்டியது.
நேற்று இதே கோணி, இதே கட்டு,
இருபத்தாறு.
எனக்கும் ஒன்றரை கூடியிருந்தது.
வரிசையில் யாரும் பேசவில்லை,
தகரத்தில் மழை மட்டும்.

மறுநாள் தராசு தரையில் இருந்தது.
துண்டால் ஸ்டூலைத் துடைத்து
"உட்காருக்கா, எவ்வளவு நேரம் நிப்பே" என்றான்.
அக்கா என்று அவன் கூப்பிட்டதே இல்லை.

மாசி மூட்டையை இறக்கவில்லை.
"முட்டி இன்னிக்குத் தேவலை" என்றாள்.