டப்பாவுக்குப் பத்து ரூபாய்

முதல் நாள் பிரியாணிக்கடை.
இலையில் சோற்றைக் கிளறினால்
ஒரே ஒரு எலும்பு.
கறி ஏற்கெனவே எங்கோ இறங்கிப் போயிருந்தது.
கத்தரிக்காய் கேட்டேன்.
"முடிஞ்சிட்ச்சிக்கா" என்றபடியே
பக்கத்து மேஜைக்கு இரண்டு கரண்டி ஊற்றினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆற்காடு ரோட்டில்
கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை.
நூற்று நாற்பது ரூபாய்,
நுரைமேல் ஓர் இலை வரைந்து கொடுத்தான்.
எனக்கு வேண்டியிருந்தது
சுவரோரம் இருந்த பிளக் பாயின்ட்.
போனில் நான்கு சதவீதம்.
வார்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தப் பையன்
"வேற எதாச்சும் மேடம்?"
வேற என்ன,
என் தம்பி ஏழுமலை வயிற்றில் இருப்பது என்னவென்று
உன் லிஸ்டில் போட்டிருக்கிறதா.
"ஒரு சர்க்கரை பாக்கெட்" என்றேன்.
இலை உடையாமலே காபி ஆறியது.

அப்புறம் பாபு ராவ் தெருவில் அந்த மெஸ்.
பலகையில் வங்காளம் பெரிதாக,
தமிழ் அதன் காலடியில் பொடியாக.
குடியாத்தத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்த நான்
இந்தத் தெருவில் எழுத்துத் தெரியாதவள்.
பரிமாறுகிற சம்பங்கி காவேரிப்பாக்கத்துக்காரன்.
"மாச் பாத்! டிம் பாத்!" என்று கூவிவிட்டு
என்னிடம் வந்து,
"உனுக்கு சாம்பார் சோறு கீதுக்கா, உக்காரு" என்பான்.

உட்கார இடம் கிடைத்தால்தானே.
கிடைத்தாலும்
நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி
அடுத்தவர் நிற்பார்,
நம் கடைசிக் கவளத்தை எண்ணிக்கொண்டு.

எதிரே தினமும் ஒருவர்,
மால்டாவோ என்னவோ ஊர் பேர் சொன்னார்.
ஒருநாள் தவறி என் தட்டில் மீன் விழுந்தது.
முள்ளை எங்கே பிடித்து இழுக்க வேண்டுமென்று
தன் மீனில் செய்து காட்டினார்.
இந்த மெஸ்ஸில் யாரும்
என்ன வியாதி என்று கேட்பதில்லை.
"கித்னா தின்?" என்பார்கள்.
நான் ஐந்து விரல் காட்டினேன்.
அவர் இரண்டு கையையும் விரித்தார்,
மூடி, மறுபடி விரித்தார்.

எட்டு நாள் என்னென்னவோ தின்றேன்.
தயிர் புளித்ததாம், லாட்ஜில் அடுத்த அறைக்காரி சொன்னாள்.
தம்ளரில் யாரோ உதட்டுச் சாயம் விட்டுப் போயிருந்தார்கள்,
திருப்பிப் பிடித்துக் குடித்தேன்.
சில்லறை குறைந்தது, எண்ணவில்லை.

ஒன்பதாம் நாள் பதினொன்றே முக்காலுக்கு
டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டி
"சாதாரணக் கட்டிதான்" என்றார்.
"பயப்பட ஒண்ணுமில்ல."

நேராக மெஸ்ஸுக்கு வந்தேன்.
சாம்பாரில் உப்பு இல்லை!
அப்பளம் நமுத்துக் கிடந்தது.
சோறு விதை விதையாய் நின்றது.
"சம்பங்கி, இன்னாப்பா இது, மனுசன் துண்றதா?"
அவன் கரண்டியோடு அப்படியே நின்றான்.
எட்டு நாளாய் அதே சாம்பார்தான் போல.

தம்பிக்கு ரசஞ்சாதம் பார்சல்.
கல்லாவில் துளசிங்கம்
டப்பாவுக்குத் தனியாகப் பத்து என்றார்.
"சோத்த கையிலயா வாங்கினு போவாங்க?"
என் குரல் கைகழுவும் தொட்டிவரை போயிருக்கும்.
ஈரக்கையோடு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மால்டாக்காரர் தலை தூக்கினார்.
தமிழ் ஒரு சொல் தெரியாத மனிதர்
என் சண்டையைக் கேட்டுச் சிரித்தார்.
"பாலோ?"
"பாலோ" என்றேன்.
அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.
உப்பில்லை என்று
அவர் இன்னும் சொல்லவில்லை.

துளசிங்கம் பத்து ரூபாயைத் திருப்பித் தந்தார்,
நடுவில் கிழிந்து டேப் ஒட்டியது.
சாயங்காலம்
குடியாத்தம் பஸ்ஸில் கண்டக்டர்
செல்லாது என்றார்.
அவரோடும் சண்டை போட்டேன்.