ஏழாம் பிரிவின் மூன்றாம் வரி

முதல் முறைப்பாடு என்னுடையது அல்ல.
மிதுலாவினுடையது.
தெரியாத சாரதியின் முகத்தைக் கண்டதும்
வலது சப்பாத்தைக் கழற்றி
அஜாக்ஸ் தெருப் பனிக்குள் எறிந்தாள்,
ஒன்பது வயதில், ஒரு சொல்லும் இல்லாமல்.
அதைத் தமிழாக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது.
ஆங்கிலமாக்க இன்னும் இரண்டு.

நீலக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

நவம்பர் நான்கு: வான் வரவில்லை.
நவம்பர் ஐந்து: வந்தது, ஐம்பது நிமிடம் பிந்தி.
நவம்பர் பன்னிரண்டு: புதுச் சாரதி. ஏறவில்லை.
காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.
நவம்பர் பதின்மூன்று: எழுதவில்லை.
இரவு வேலை முடிந்து வந்து
படியிலேயே நித்திரையாகிவிட்டேன்.

கல்விச் சபையின் பதில் மூன்றாம் கிழமை வந்தது.
உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.
கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை.

வரவேற்பு மேசையில் இருந்த டெனீஸ்தான்
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
இலக்கம் கேட்டு வாங்கு.
இலக்கம் இல்லாவிட்டால் அது முறைப்பாடு இல்லை,
வெறும் கதை.

முறைப்பாடு.
அன்றிரவு தொழிற்சாலையில்
பெட்டிகள் ஓடும் பெல்டின் முன்னால் நின்று
அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.
முறை அவர்கள் பக்கம்.
பாடு எங்கள் பக்கம்.
நடுவில் ஒரு ப்,
இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று
சொல்லிவைத்தவர்கள்
சத்தமில்லாமல் அழுகிற பிள்ளையைக் கண்டதில்லை.

ஹோடானை நூலக வாசலில் சந்தித்தேன்.
அவள் மகனின் சக்கர நாற்காலியைக் கொளுவ
வானில் பட்டி இல்லை.
கோர்ட், இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்திக்கு
வகுப்பில் துணையாள் கேட்டு மூன்று வருடம்.
குறிப்புகளை ஒரே மேசையில் விரித்தோம்.
அவளுடையது மருந்துச்சீட்டின் பின்பக்கம்,
அவருடையது வன்பொருட்கடைக் கலண்டர்.
எனக்கும் அவளுக்கும் ஒரே திகதிகள். ஒரே வான்.
தனித்தனியே வைத்தால் வருந்தத்தக்க சம்பவம்.
சேர்த்து வைத்தால்
அதற்குப் பெயர் வேறு.

சபைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் தந்தார்கள்.
நான்காவதில் என் ஆங்கிலம் இடறியது.
எழுதிக்கொண்டு போனதை மடித்துவிட்டு
திகதிகளை மட்டும் வாசித்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
நான் நிறுத்தவில்லை.
தலைவியும் நிறுத்தச் சொல்லவில்லை.
ஓர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கண்ணீரோ தூசியோ, தெரியாது.
எனக்கு வேண்டியது அதுவல்ல,
எட்டு ஐந்துக்கு ஒரு வான்.

யூன் மாதம் பதினாறு பக்கம் வந்தது.
ஏழாம் பிரிவு, மூன்றாம் வரி:
சாரதி மாறினால், முந்தின நாள் மாலைக்குள்
அவருடைய படம் பெற்றோருக்கு அனுப்பப்படும்.

எங்கள் பெயர் எங்கும் இல்லை.
மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை, தேடிப் பார்த்தேன்.
ஆனால் அந்த வரியின் கால்புள்ளிக்குள்
ஒரு சப்பாத்துக் கிடக்கிறது,
பனி நிறைந்து.

செப்டம்பர் முதலாம் திகதி மாலை
படம் வந்தது: நரைத்த தாடி, பச்சைத் தொப்பி.
மிதுலா பதினொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.
விடிந்ததும் வான் வந்து நின்றது.
தாடி இருந்தது. தொப்பி இல்லை.
ஒரு காலை வைத்தாள். எடுத்தாள்.
நான் மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்க
அந்த மனிதன் ஆசனத்துக்கு அடியில் துழாவி
எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் இரண்டு: வந்தது.
அதற்குக் கீழே எழுதினேன்:
கோர்ட்டின் மகளுக்கு இன்னும் துணையாள் இல்லை.
கொப்பியில் இடம் இருக்கிறது.