ஏழாவது குழி

சிலேத்தார் ஹில்ஸில் டிசம்பர்.
ஆறு கம்பங்கள் நின்றுவிட்டன.
ஏழாவதில்
தோண்டத் தோண்டத் தண்ணீர்.
மைலோ டின்னால் நானும் ரஃபிக்குலும்
மாறி மாறி இறைக்கிறோம்.
மழை எங்களைவிடச் சுறுசுறுப்பு.

"மரவேலி மூணே வருஷத்துல உளுத்துப்போச்சு.
இது தாங்கும்தானே?"
குடைக்குள்ளிருந்து மேடம் குவெக்.
தாங்கும் மேடம். வினைல். கரையான் தொடாது,
பாசி பிடித்தால் சோப்புத்தண்ணீர்.
சொல்லும்போது என் பூட்ஸுக்குள்
கால்விரல்கள் வெளுத்து ஊறிக் கிடந்தன.

மின்னல் எச்சரிக்கை ஒலித்தது.
கார் கொட்டகைக்கு ஓடினோம்.
பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்
நனைந்தபடி நாடாவால் அளந்தார்:
இரண்டு விரற்கடை தம் பக்கம் வந்துவிட்டதாம்.
அந்த இரண்டு விரற்கடையிலும்
கணுக்கால் அளவு வெள்ளம்.
அது யாருடையது என்று கேட்க வாயெடுத்து
ரொட்டியைக் கடித்துக்கொண்டேன்.

நாலரைக்குக் கொஞ்சம் வெறித்தது.
கம்பத்தை இறக்கி ரசமட்டம் வைத்தேன்.
குமிழி நடுவுக்கு வரும்வரை
ரஃபிக்குல் மூச்சு விடவில்லை.
பலகைக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி,
தண்ணீர் போவதற்கு.
முதலில் போனது ஒரு நத்தை,
அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு.

ஈரச் சிமெண்டின்மேல்
என் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு
லாரியில் ஏறினோம்.
செம்பவாங் திரும்புமுன்
மறுபடி பிடித்துக்கொண்டது.